பிளேர் விட்டுக்கொடுத்ததும் வைத்துக்கொண்டதும்

பிரிட்டிஷ் மக்களவையில் கைதட்டும் வழக்கம் இல்லை. பாராட்ட வேண்டுமானால் 'ஹியர், ஹியர்' என்று முழங்குவார்கள், கையிலிருக்கும் காகிதங்களை ஆட்டுவார்கள். அதோடு சரி. 2007 ஜூன் 27 அன்று டோனி பிளேர் தன் கடைசிக் கேள்வி நேரத்தை முடித்தபோது அந்த வழக்கம் மீறப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரன் தன் பக்கத்து உறுப்பினர்களையும் எழச்சொல்லிச் சைகை காட்டினார். ஏறக்குறைய அவை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அதே கேள்வி நேரத்தைப் பிளேர் தொடங்கியிருந்தது, போர்முனையில் இறந்த ராணுவ வீரர்களுக்கு இரங்கல் தெரிவித்து.

விடைபெறும் பிரதமரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணக்குப்பிள்ளையின் பேரேட்டைத்தான் திறக்கிறார்கள். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று. பிளேரைப் பற்றி அன்று வந்த மதிப்பீடுகளும் அப்படித்தான் இருந்தன. வரவுப் பக்கத்தில் வட அயர்லாந்து அமைதி, குறைந்தபட்ச ஊதியம், புதிய பள்ளிகள், மருத்துவமனைகள், தடைபடாத பத்தாண்டுப் பொருளாதார வளர்ச்சி. பற்றுப் பக்கத்தில் இராக் போர். ஆனால் ஒன்றரை லட்சம் சாவுகளையும் மணிக்கு 3.60 பவுண்ட் ஊதியத்தையும் எந்த அலகில் வைத்துக் கூட்டிக் கழிப்பது? இத்தனை ஆண்டுகளுக்குப் பின் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: அவர் செய்தவற்றில் எவை நின்றன, எவை சரிந்தன? அப்படிப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு தெரிகிறது. பிரதமர் பதவிக்குரிய அதிகாரத்தை வேறு யாரிடமாவது ஒப்படைத்த இடங்களில் அவருடைய வேலை நிலைத்தது. தன் கையிலேயே வைத்துக்கொண்ட இடங்களில் பெரும்பாலும் சரிந்தது. விலக்குகள் உண்டு; அவையும் கவனிக்க வேண்டியவைதான்.

1997 மே 1 தேர்தலில் தொழிற்கட்சி 418 இடங்களை வென்றது. பெரும்பான்மை 179. பதினெட்டு ஆண்டு கன்சர்வேட்டிவ் ஆட்சி ஒரே இரவில் முடிந்தது. எழுதித் தொகுத்த அரசியல் சாசனம் இல்லாத நாட்டில் இப்படியொரு பெரும்பான்மை கிடைத்த பிரதமரைத் தடுத்து நிறுத்த அநேகமாக எதுவும் இல்லை. அமெரிக்க அதிபர் காங்கிரஸோடு மல்லுக்கட்ட வேண்டும். இந்தியப் பிரதமருக்கு எதிரே மாநிலங்கள் இருக்கின்றன, சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்காதே என்று சொல்லும் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. லண்டனிலோ நாடாளுமன்றம் வைத்ததே சட்டம், நாடாளுமன்றம் பெரும்பான்மைக் கட்சியின் பிடியில், கட்சி பிரதமரின் பிடியில். ஹெயில்ஷாம் பிரபு 1976இல் இதற்குத் 'தேர்ந்தெடுக்கப்பட்ட சர்வாதிகாரம்' என்று பெயர் சூட்டினார். கன்சர்வேட்டிவ் கட்சிக்காரரான அவருக்கு இந்த ஞானம் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோதுதான் வந்தது. மூன்றாண்டுகள் கழித்து மார்கரெட் தாட்சரின் அமைச்சரவையில் சேர்ந்த பிறகு அவர் அதைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை.

பிளேர் அரசின் முதல் அதிகார ஒப்படைப்பு ஐந்தே நாளில் நடந்தது. மே 6, அவருடைய 44ஆவது பிறந்தநாள். இனிமேல் வட்டி விகிதத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்து தீர்மானிக்கும் என்று நிதியமைச்சர் கார்டன் பிரவுன் அன்று அறிவித்தார். அதுவரை நிதியமைச்சர் வங்கியின் ஆளுநரோடு கலந்து பேசுவார், முடிவைத் தானே எடுப்பார். தேர்தல் நெருங்கும்போது வட்டி குறைவது தற்செயல் என்று சந்தையில் யாரும் நம்பியதில்லை. புதிய ஏற்பாட்டில் ஒன்பது பேர் குழு கூடி வாக்களித்தது. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதும் வெளியிடப்பட்டது. பின்னால் வந்த எந்த அரசும் அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெற முயலவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பொது வாக்கெடுப்பு. ஸ்காட்லாந்தில் 74.3 விழுக்காட்டினர் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்றனர். வேல்ஸில் வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. 1998இல் மனித உரிமைச் சட்டம். 2000இல் லண்டனுக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர், தேர்தல் ஆணையம், தகவல் சுதந்திரச் சட்டம். 2005இல் பிரபுக்கள் சபையிலிருந்து பிரிந்த உச்ச நீதிமன்றத்துக்கான சட்டம். இருபதாம் நூற்றாண்டில் வேறெந்தப் பிரதமரும் தன் பதவியைச் சுற்றி இத்தனை வேலிகளைத் தானே போட்டுக்கொண்டதில்லை.

இவற்றில் எத்தனை பிளேரின் மனதுக்கு உகந்தவை என்று கேட்டால் சங்கடமான பதில்தான் கிடைக்கும். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், 1994இல் திடீரென இறந்த முன்னாள் தலைவர் ஜான் ஸ்மித் விட்டுச்சென்ற வாக்குறுதி. அதிகாரப் பகிர்வில் தனக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை என்று பிளேரே தன் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொள்கிறார். வங்கியின் சுதந்திரம் பிரவுனும் அவருடைய ஆலோசகர் எட் பால்ஸும் வகுத்த திட்டம். தகவல் சுதந்திரச் சட்டத்தைக் கொண்டுவந்ததற்காக அதே நினைவுக் குறிப்பில் தன்னைத்தானே முட்டாள் என்று திட்டிக்கொள்கிறார். ஆக, அவர் பெயரில் நிலைத்து நிற்பவற்றில் பலவும் அவர் அரை மனதோடு செய்தவை.

அந்த அரை மனது வெளிப்பட்ட விதம் சில சமயம் வேடிக்கையாகவே இருந்தது. அதிகாரத்தைக் கொடுத்தார், அதை யார் பிடிக்க வேண்டும் என்பதையும் தானே தீர்மானிக்கப் பார்த்தார். வேல்ஸ் கட்சிக்காரர்கள் விரும்பிய ரோட்ரி மார்கனை ஒதுக்கிவிட்டு ஆலன் மைக்கேலைத் தலைமைக்குக் கொண்டுவந்தார். மைக்கேல் 2000 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு முன்பாகவே விலக நேர்ந்தது. மார்கன் அந்த இடத்துக்கு வந்து 2009 வரை நீடித்தார். லண்டனில் கென் லிவிங்ஸ்டன் வேட்பாளராகிவிடக் கூடாது என்பதற்காகக் கட்சியின் வாக்களிப்பு முறையே வளைக்கப்பட்டது. லிவிங்ஸ்டன் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். பிளேரின் வேட்பாளர் ஃபிராங்க் டாப்சன் மூன்றாம் இடம். நான்காண்டுகளில் லிவிங்ஸ்டனைக் கட்சியே திரும்ப அழைத்துக்கொண்டது. ஒருமுறை கொடுத்த அதிகாரம் கொடுத்தவர் சொல்படி நடக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

குறைந்தபட்ச ஊதியத்தின் கதையும் இங்கேதான் சேரும். 1999 ஏப்ரல் 1 முதல் வயது வந்த தொழிலாளிக்கு மணிக்கு 3.60 பவுண்ட். லட்சக்கணக்கில் வேலை பறிபோகும் என்று கன்சர்வேட்டிவ் கட்சியும் பல முதலாளிகளும் எச்சரித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. தொகையைத் தீர்மானித்த விதம்தான் முக்கியம். முதலாளிகள் தரப்பில் மூவர், தொழிற்சங்கத் தரப்பில் மூவர், இரு தரப்பையும் சேராத மூவர் அடங்கிய ஆணையம் ஆராய்ந்து பரிந்துரைத்தது. ஒவ்வொரு தேர்தலிலும் ஏலம் விடப்படும் வாக்குறுதியாக ஊதியம் ஆகிவிடாமல் இது காத்தது. 2015இல் கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் தானே அந்த ஊதியத்தைக் கணிசமாக உயர்த்தினார். எதிர்த்தவர்களே உரிமை கொண்டாடும் அளவுக்கு வேர்விட்ட திட்டம் அது.

வட அயர்லாந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிளேர் முழு மனதோடும் முழு உழைப்போடும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்த ஒரே இடம் அது.

அயர்லாந்தோடு இணைய விரும்பியவர்களுக்கும் பிரிட்டனோடு நீடிக்க விரும்பிய யூனியனிஸ்டுகளுக்கும் இடையே, 1960களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 3,500 உயிர்களைப் பலிகொண்ட மோதல். 1973இல் சன்னிங்டேலில் எழுதப்பட்ட அதிகாரப் பங்கீட்டு ஒப்பந்தம், மறு ஆண்டே புராட்டஸ்டன்ட் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் வீழ்ந்தது. தாட்சர் காலத்தில், அயர்லாந்து இணைப்புக்காக ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ.வோடு ரகசியமாக மட்டுமே பேச முடிந்தது. ஜான் மேஜர் துணிந்து 1993 டிசம்பரில் அயர்லாந்துப் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸோடு சேர்ந்து ஒரு பிரகடனம் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. ஆனால் மேஜரின் பெரும்பான்மை கரைந்துகொண்டே போனது. கடைசியில் வட அயர்லாந்தின் யூனியனிஸ்ட் உறுப்பினர்களின் தயவில் ஆட்சி ஓடியது. 1996 பிப்ரவரியில் லண்டன் டாக்லேண்ட்ஸில் குண்டு வெடித்துப் போர்நிறுத்தமும் முறிந்தது. பிளேருக்குக் கிடைத்த முதல் வசதி, யாருடைய தயவும் தேவைப்படாத அந்த 179.

பதவியேற்ற இரண்டே வாரத்தில் பெல்ஃபாஸ்ட் சென்றார். அந்த டிசம்பரில், ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெய்ன் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸ் டௌனிங் தெரு 10ஆம் எண் வீட்டுக்குள் நுழைந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஐ.ஆர்.ஏ. அதே வீட்டின் மீது மோர்ட்டார் குண்டு வீசியிருந்தது. 1998 ஏப்ரலில், பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிய அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல் வைத்த கெடு நெருங்கியபோது பிளேர் நேரில் போய் உட்கார்ந்துகொண்டார். அயர்லாந்துப் பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் தன் தாயின் இறுதிச் சடங்குக்கு இடையில் டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று மாலை உடன்பாடு கையெழுத்தானது.

அந்த உடன்படிக்கையில் லண்டன் கொடுத்தது என்ன? வட அயர்லாந்து மக்களில் பெரும்பான்மையினர் விரும்பினால் அவர்கள் பிரிந்து அயர்லாந்தோடு இணையலாம் என்பதைப் பிரிட்டன் தன் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. தன் நிலப்பரப்பின் ஒரு பகுதி வெளியேறும் வழியை எழுத்தில் வகுத்துக் கொடுக்கும் அரசுகள் உலகில் அரிது. பதிலுக்கு அயர்லாந்து, முழுத் தீவுக்கும் உரிமை கோரிய தன் சாசனப் பிரிவுகளைத் திருத்திக்கொண்டது. சிறையிலிருந்த ஆயுதக் குழுவினர் இரண்டாண்டுகளுக்குள் விடுவிக்கப்பட்டனர், காவல்துறை மாற்றியமைக்கப்பட்டது. மே 22 வாக்கெடுப்பில் வட அயர்லாந்தின் 71.1 விழுக்காட்டினர் ஆம் என்றனர்.

இதற்கும் விலை இருந்தது. ஆயுதக் களைவு பற்றி எல்லாருக்கும் ஏற்றபடி எழுதப்பட்ட வாசகம் யாருக்கும் தெளிவாக இல்லை. கடைசி மணித்துளிகளில் யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் டிரிம்பிளைச் சமாதானப்படுத்த பிளேர் தனியாக ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதை வைத்துப் பல ஆண்டுகள் சண்டை ஓடியது. ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களைக் களைந்து முடித்தது 2005இல்தான். நடுவே 2002இலிருந்து 2007 வரை சட்டமன்றமே முடங்கிக் கிடந்தது. நோபல் பரிசு பெற்ற மிதவாதிகளான டிரிம்பிளும் ஜான் ஹியூமும் வழிநடத்திய கட்சிகள் தேய்ந்து, இரு பக்கத்துத் தீவிரக் கட்சிகள் வளர்ந்தன. 2005இல் டிரிம்பிள் தன் சொந்தத் தொகுதியையே இழந்தார். இருந்தாலும் 2007 மே 8 அன்று, பிளேர் பதவி விலகுவதற்கு ஏழு வாரம் முன்பு, வாழ்நாள் முழுதும் 'முடியாது' என்றே சொல்லிவந்த இயன் பெய்ஸ்லியும் முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கின்னஸும் முதலமைச்சராகவும் துணை முதலமைச்சராகவும் ஒரே மேடையில் உறுதிமொழி எடுத்தார்கள். மேஜர் தொடங்கியது, அஹெர்ன், வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மோ மோலம், மிட்செல் எனப் பலர் சுமந்தது. ஆனாலும் பத்தாண்டுகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பிளேர்தான்.

ஈழத்தமிழர்களுக்கு இதில் ஒரு துயரமான கிளைக்கதை உண்டு. இதே அரசு 2001இல் புதிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. இலங்கையில் போர்நிறுத்தம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த 2006இல் மெக்கின்னஸ் கிளிநொச்சி வரை சென்று வட அயர்லாந்துப் பாடங்களைச் சொன்னார். பாடம் எடுபடவில்லை. இரு தரப்பின் பிடிவாதம் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கும் அடியில் ஒரு வேறுபாடு இருந்தது. ஒற்றையாட்சி நாடான பிரிட்டனில் பெரும்பான்மைத் தலைவர் ஒருவர் அதிகாரத்தைப் பகிர்ந்துவிட்டுத் தேர்தலிலும் ஜெயிக்க முடிந்தது. இங்கிலாந்து வாக்காளருக்கு வட அயர்லாந்து உணர்ச்சிப் பிரச்சினையாக இல்லை. கொழும்பில் எந்தத் தலைவருக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை.

இனி மறுபக்கம். 1999இல் கொசோவோவில் 78 நாள் குண்டுவீச்சு, ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தீர்மானம் இல்லாமலேயே நடந்தது. அமெரிக்கா தயங்கியபோதெல்லாம் தரைப்படையையும் இறக்க வேண்டும் என்று பிளேர் நெருக்கினார். செர்பியா பின்வாங்கியது. 2000 மே மாதம் சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனைக் கிளர்ச்சிப் படை நெருங்கியபோது சில நூறு பிரிட்டிஷ் வீரர்கள் இறங்கினார்கள், நகரம் காப்பாற்றப்பட்டது. அந்நாட்டு மக்கள் பிளேரை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு அவர் பெற்ற வெற்றிகள் இவை. என் வாதத்துக்கு மெய்யான விலக்குகள். ஆனால் இந்த இரு வெற்றிகளும் அவருக்குத் தவறான பாடத்தைக் கற்பித்தன. கேட்டுக்கொண்டு நின்றால் காரியம் ஆகாது, தன் மனவுறுதியே போதும் என்று அவர் நம்பத் தொடங்கினார்.

அந்த நம்பிக்கைக்கு ஏற்ற ஆட்சிமுறையும் தயாராக இருந்தது. பதவியேற்ற உடனேயே, அரசு ஊழியர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் ஜோனதன் பாவெலுக்கும் அலஸ்டர் கேம்பெலுக்கும் சிறப்பு ஆணை மூலம் தரப்பட்டது. இருவருமே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், பிரதமரின் ஆட்கள். அமைச்சரவைக் கூட்டங்கள் சுருங்கின. முடிவுகள் பிரதமர் அறை சோபாவில் நாலைந்து பேருக்குள் எடுக்கப்பட்டன. இதை வெறும் பாணி என்று ஒதுக்க முடியாது. 2004இல் இராக் பற்றிய உளவுத் தகவல்களை ஆராய்ந்த பட்லர் குழு, அதிகாரிகள் தயாரித்த நல்ல ஆய்வுக் குறிப்புகள் அமைச்சரவையின் பார்வைக்கே வரவில்லை என்று சுட்டிக்காட்டியது.

இராக் விவகாரத்தில் 2002 ஜூலை 28 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு பிளேர் எழுதிய கடிதம், என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்ற பொருளில் தொடங்குகிறது. அமைச்சரவை அப்போது எதையும் முடிவு செய்திருக்கவில்லை. செப்டம்பரில் அரசு வெளியிட்ட அறிக்கை, உத்தரவு வந்த 45 நிமிடத்தில் சதாம் உசேன் பேரழிவு ஆயுதங்களைப் பயன்படுத்த முடியும் என்றது. 2003 பிப்ரவரி 15 அன்று லட்சக்கணக்கானோர் லண்டன் தெருக்களில் போருக்கு எதிராக நடந்தார்கள். மார்ச் 7 அன்று அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு பிரதமருக்குக் கொடுத்த 13 பக்க சட்டக் கருத்தில், ஐ.நா.வின் இரண்டாவது தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி என்ற எச்சரிக்கை இருந்தது. பத்து நாள் கழித்து அமைச்சரவைக்குக் கிடைத்ததோ, போர் சட்டப்படி சரி என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்ன சுருக்கமான பதில் மட்டும். முழுக் கருத்தை அமைச்சரவை கேட்டு வாங்கவும் இல்லை. போரை எதிர்த்து அமைச்சர் ராபின் குக் அன்றே பதவி விலகினார்.

மறுநாள், மார்ச் 18, போருக்கு மக்களவையின் ஒப்புதலைக் கேட்டார் பிளேர். 412க்கு 149 என்ற கணக்கில் கிடைத்தது. தொழிற்கட்சியைச் சேர்ந்த 139 பேர் போருக்கான காரணம் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்தை ஆதரித்திருந்தார்கள். அரசன் பெயரால் பிரதமரே போர் தொடுக்கலாம் என்பதுதான் பிரிட்டனின் பழைய மரபு. படை புறப்படும் முன் அவையைக் கேட்டதே ஒரு விட்டுக்கொடுத்தல் என்று பிளேரின் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. அதற்குள் 40,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் வளைகுடாவில் நின்றுகொண்டிருந்தார்கள். எதை வைத்து முடிவெடுக்க வேண்டுமோ அந்த ஆவணங்கள் உறுப்பினர்கள் கையில் இல்லை. வாக்கைக் கொடுத்தார், தகவலை வைத்துக்கொண்டார்.

இராக்கில் 179 பிரிட்டிஷ் படையினர் உயிரிழந்தனர். 2009 ஜூலை வரை குறைந்தது ஒன்றரை லட்சம் இராக்கியர்கள் இறந்ததாகவும், உண்மை எண்ணிக்கை இன்னும் கூடுதலாக இருக்கக்கூடும் என்றும் சில்காட் விசாரணை சொன்னது. ஏழாண்டு ஆய்வுக்குப் பின் 2016 ஜூலையில் வெளியான 26 லட்சம் சொற்கள் கொண்ட அறிக்கை அது. அமைதி வழிகள் தீரும் முன்பே படையெடுப்பு நடந்தது, ஆயுதங்கள் பற்றிய மதிப்பீடுகள் தகுதியில்லாத உறுதியோடு முன்வைக்கப்பட்டன, போருக்குப் பிந்தைய திட்டமிடல் அறவே போதவில்லை என்பவை அதன் முடிவுகள். அன்று பிளேர் வருத்தம் தெரிவித்தார். அதே நிலைமையில் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று கருதுவோர் ஏராளம். என் கணிப்பில் அதைவிடக் கவலை தருவது, அவர் தன் சொல்லை உண்மையாகவே நம்பியிருக்கலாம் என்பதுதான். சுற்றியிருந்த யாருக்கும் அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

பயங்கரவாதத்துக்கு எதிரான சட்டங்களில் நிலைமை வேறு. அங்கே அவரே போட்ட வேலி அவரைத் தடுத்தது. வெளிநாட்டுச் சந்தேக நபர்களை விசாரணையின்றிக் காலவரையறை இல்லாமல் சிறைவைத்த சட்டம், மனித உரிமைச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2004 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள். 52 பேரைப் பலிகொண்ட 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின், குற்றம் சாட்டாமலே 90 நாள் காவலில் வைக்கும் அதிகாரம் கேட்டார். நவம்பர் 9 அன்று மக்களவை 322க்கு 291 என்று மறுத்தது. மக்களவை வாக்கெடுப்பில் அவர் அரசு கண்ட முதல் தோல்வி அது. தேசிய அடையாள அட்டைச் சட்டத்தைப் போராடி நிறைவேற்றினார். 2010இல் வந்த கூட்டணி அரசு முதல் வேலையாக அதை ரத்து செய்தது.

கட்சி நிதியிலும் இதே கதைதான். 2000ஆம் ஆண்டு அவர் அரசு கொண்டுவந்த சட்டம் பெரிய நன்கொடைகளை வெளியிடச் சொன்னது. கட்சி நன்கொடைக்குப் பதில் கடன் வாங்கியது. வணிக அடிப்படையிலான கடனை வெளியிட வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர்களில் சிலர் பிரபுக்கள் சபைக்குப் பரிந்துரைக்கப்பட்டது வெளியே வந்ததும் காவல்துறை விசாரணை தொடங்கியது. 2006 டிசம்பர் 14 அன்று, பதவியில் இருக்கும்போதே காவல்துறையால் விசாரிக்கப்பட்ட முதல் பிரதமர் ஆனார் பிளேர். சவூதி அரேபியாவுக்கான ஆயுத விற்பனையில் பி.ஏ.இ. நிறுவனத்தின் மீது நடந்த ஊழல் விசாரணை கைவிடப்பட்டதாக அரசு அறிவித்ததும் அதே நாளில்தான். கடனுக்குப் பிரபுப் பட்டம் என்ற விவகாரத்தில் யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

உள்நாட்டில் அவர் அதிகாரத்தைக் குவித்துச் சாதித்தவற்றையும் மறைக்கக் கூடாது. 1997இல் மருத்துவமனைச் சிகிச்சைக்கு 18 மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2005 இறுதியில் ஆறு மாதத்துக்குமேல் காத்திருப்போர் அநேகமாக இல்லை. பணத்தைக் கொட்டியதும், பிரதமருக்காக ஒரு தனிப் பிரிவு அமர்ந்து ஒவ்வொரு இலக்கையும் விடாமல் கண்காணித்ததும் இதைச் சாத்தியமாக்கின. இலக்கை எட்டுவதற்காகக் கணக்கை ஒப்பேற்றிய மருத்துவமனைகளும் இருந்தன. ஆனாலும் இடுப்பு மூட்டு வலியோடு காத்திருந்த முதியவருக்கு ஓராண்டு மிச்சமானது பொய்யில்லை. அந்தக் கண்காணிப்பும் பணமும் போனதும் ஆதாயமும் போனது. 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016 பிப்ரவரிக்குப் பின் எட்டப்படவே இல்லை. 2023இல் இங்கிலாந்தில் காத்திருப்போர் பட்டியல் 75 லட்சத்தைத் தாண்டியது. ஏழைக் குழந்தைகளுக்கான ஷ்யூர் ஸ்டார்ட் மையங்களுக்கும் இதே கதிதான். தலைமையின் கவனத்தை நம்பி நின்றவை அவை; குறைந்தபட்ச ஊதியத்துக்கு இருந்ததுபோல் காத்து நிற்க ஓர் அமைப்பு அவற்றுக்கு இல்லை.

எதிர்த்திசையில் ஒரு விலக்கும் உண்டு. வட்டி விகிதத்தை மத்திய வங்கிக்குக் கொடுத்த அரசு, வங்கிகளைக் கண்காணிக்கும் பொறுப்பை அதனிடமிருந்து எடுத்துப் புதிய நிதிச் சேவைகள் ஆணையத்துக்குக் கொடுத்தது. ஆணையம் லண்டன் நிதிச் சந்தையை மென்மையாகவே தடவிக்கொடுத்தது. பிளேருக்கு அந்த மென்மையும் போதவில்லை. அவர் பதவி விலகி மூன்று மாதம் ஆவதற்குள் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகள் முன்னால் பணத்தைத் திரும்பக் கேட்டு வரிசை நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிரிட்டன் காணாத காட்சி. கொடுப்பது மட்டும் போதாது, வாங்கிக்கொள்பவருக்கு அதைப் பயன்படுத்தும் துணிவும் வேண்டும்.

குடியேற்றத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதுபவரைப் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து வாழ்க்கைத் துணையை அழைத்துவரும் தெற்காசியர்களை அவமதித்துவந்த 'முதன்மை நோக்க' விதியை 1997 ஜூனிலேயே ரத்து செய்த அரசு இது. 2006இல் பயிற்சி மருத்துவர்களுக்கான விதியைத் திடீரென மாற்றி, தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் உட்பட இந்திய மருத்துவர்கள் பலரை நடுத்தெருவில் நிறுத்தியதும் இதே அரசுதான். 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்த கிழக்கு ஐரோப்பிய நாட்டவருக்கு வேலைக் கதவை உடனே திறந்துவிட்ட மூன்றே நாடுகளில் பிரிட்டன் ஒன்று. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர்வரை வருவார்கள் என்ற மதிப்பீட்டை நம்பினார்கள். வந்தவர்கள் பல மடங்கு. அவர்கள் உழைப்பால் நாடு கொழித்தது. யாரையும் கேட்காமல் திறந்தார்கள் என்ற மனக்குறை, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கான 2016 வாக்கெடுப்புவரை புகைந்தது.

1997இல் தொழிற்கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் 1 கோடியே 35 லட்சம். 2005இல் 95 லட்சம். கட்சி உறுப்பினர் எண்ணிக்கை நான்கு லட்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. பிளேரின் சொந்தத் தொகுதியான செட்ஜ்ஃபீல்ட் 2019இல் கன்சர்வேட்டிவ் கட்சியிடம் போனது. கட்சிக்கு மூன்று தொடர் வெற்றிகளைத் தந்த ஒரே தலைவர் அவர்தான். அந்தக் கட்சிக்குள்ளேயே அவர் பெயர் வசைச்சொல் ஆனது.

ஆனால் அவர் கொடுத்தவை இருக்கின்றன. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தைத் தொடக்கத்தில் எதிர்த்த கன்சர்வேட்டிவ் கட்சியே 2016இல் அதை நிரந்தரம் என்று சட்டமாக்கியது. 2009இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்கு மோசடிகளை அம்பலத்துக்குக் கொண்டுவந்தது, தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் தொடங்கிய போராட்டம். 2019 செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்த பதினொரு நீதிபதிகளும் அமர்ந்திருந்தது பிளேர் அரசு உருவாக்கிய உச்ச நீதிமன்றத்தில்தான்.

அவர் கொடுக்காமல் விட்ட பெரிய அதிகாரம் ஒன்றே ஒன்று. போர் தொடுக்கும் முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்று பிரிட்டனில் இன்றும் சட்டம் இல்லை. 2003 வாக்கெடுப்பை முன்னுதாரணமாகக் கொண்டு 2013இல் பிரதமராக இருந்த கேமரன் சிரியா விஷயத்தில் அவையைக் கேட்டார், தோற்றார், தாக்குதலைக் கைவிட்டார். 2018 ஏப்ரலில் தெரசா மே கேட்காமலேயே சிரியாவைத் தாக்கினார். 2024 ஜனவரியில் ரிஷி சுனக் ஏமன் மீது குண்டுவீச உத்தரவிட்டபோதும் அவையில் முன்கூட்டி வாக்கெடுப்பு நடக்கவில்லை.